வீட்டு வரி ரசீதும் என் அண்ணனின் சீர்திருத்தமும்

1

ஏப்ரல் முதல் ஞாயிறு, காலை பத்து மணி இருபது நிமிடம். சிங்கப்பூரில் தெம்பனிஸிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நீலத்தட ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. அனுப்பியவர் செல்வி. தஞ்சை மாவட்டத்தில் ஒரு சிறு நகராட்சியில் எனக்கும் அண்ணனுக்கும் பொதுவாக ஒரு வீடு இருக்கிறது. அதில் ஆறு வருடமாக வாடகைக்கு இருப்பவர் அவர். முன்னறையில் கிரைண்டர் வைத்து இட்லி மாவு அரைத்து விற்கிறார். கணவர் சரக்கு வேன் ஓட்டுகிறார். மூன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை.

“சார், நல்லாருக்கீங்களா. பாப்பாவுக்கு இலவச சீட்டுக்கு அப்ளிகேஷன் போடணும் சார், நம்ம தெரு முனையில இருக்குற பிரைவேட் ஸ்கூல்ல. பக்கத்துல குடியிருக்கோம்னு ப்ரூஃப் கேக்குறாங்க. எங்க ரேஷன் கார்டு இன்னும் அவரு ஊருலயேதான் இருக்கு. ஹவுஸ் ஓனர் ஒரு லெட்டரும் வீட்டு வரி ரசீது நகலும் குடுத்தா போதும்னாங்க. பெரிய சார்கிட்ட மூணு தடவ கேட்டேன். பாக்கலாம், பாக்கலாம்னாங்க. மே மாசம் கடைசித் தேதி சார்.”

நாற்பது விநாடிதான். பின்னால் கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது. அண்ணன் ஏன் “பாக்கலாம்” என்கிறார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஊரில் இருக்கும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். குடியிருப்பவர் கையில் வீட்டு வரி ரசீதைக் கொடுக்கக் கூடாது என்பது நம் பகுதி வீட்டு உரிமையாளர்களின் எழுதாத சட்டம். முன்பணம் வாங்குவார்கள், மாதம் பிறந்ததும் வாடகை வாங்குவார்கள், ஆணி அடித்தால் சண்டைக்கு வருவார்கள். ரசீதின் நகல் என்றால் மட்டும் பேச்சை மாற்றுவார்கள். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு குடியிருப்பவர் வீட்டையே எழுதிக்கொள்வார் என்று ஒரு பயம். அப்படி எழுதிக்கொண்ட ஒருவரையாவது யாராவது நேரில் பார்த்திருக்கிறார்களா என்று நான் பலரிடம் விசாரித்திருக்கிறேன். எல்லோரும் வேறு யாரோ சொல்லக் கேட்டவர்கள்தான்.

2

சிங்கப்பூரில் சொத்து வரிக் கடிதம் ஆண்டு முடிவதற்குள் கைக்கு வந்துவிடும். ஜனவரி 31க்குள் கட்ட வேண்டும். எங்கள் ஊரில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டு பிறக்கும். இந்த மூன்றையும் ஒவ்வொரு வருடமும் நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிடுவேன். தேதி சொல்லாமல் ஒரு விஷயத்தைச் சொல்ல எனக்கு வராது. வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள்.

என் அண்ணனை லிட்டில் இந்தியாவில், தேக்கா சந்தைப் பக்கம் பலருக்குத் தெரியும். ஞாயிறுதோறும் தேக்கா உணவுக்கடைப் பகுதியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடும் வாசகர் வட்டத்தை நடத்துபவர் அவர். எனக்கு ஒன்பது வருடம் முன்னால் சிங்கப்பூர் வந்தவர். குடியுரிமை வாங்கி புக்கிட் பாத்தோக்கில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். ஐயர் இல்லாமல், நாள் பார்க்காமல், வரதட்சணை என்று ஒரு பைசா வாங்காமல், வேறு சாதிப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டவர். அதற்காக எங்கள் வீட்டில் இரண்டு வருடம் யாரும் அவரோடு பேசவில்லை. அப்போதும் அவர் அசையவில்லை. மேடையில் பேசியதை வீட்டில் செய்து காட்டியவர்.

அதனால்தான் எனக்கு இந்தக் கோபம். வாய்ச்சொல் வீரராக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். சாதி, சடங்கு, வரதட்சணை மூன்றிலும் சீர்திருத்தக்காரரான ஒருவர், வீட்டு வரி என்று வந்ததும் மிராசுதாராக மாறுவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவர் ஒருவர் மட்டும் அப்படி என்றால் குடும்ப விஷயம் என்று விட்டிருப்பேன். நம் சீர்திருத்தக்காரர்களில் பாதிப்பேர் இப்படித்தான். கோயில் சொத்து, மடத்துச் சொத்து, பெரிய முதலாளியின் சொத்து பற்றியெல்லாம் மணிக்கணக்கில் பேசுவார்கள். சொந்த வீட்டின் வரி விதிப்பு எண் என்ன என்று கேட்டால் கூட்டம் முடிந்துவிடும்.

3

இரண்டாம் ஞாயிறு. அன்றைய கூட்டத்தின் தலைப்பு வேறு. நான்தான் தேநீர் வந்ததும் பேச்சை எடுத்தேன்.

“அண்ணே, செல்விக்கு அந்த ரசீது நகல அனுப்பிடலாமே.”

“அனுப்புனா?”

“அனுப்புனா அந்தப் புள்ளைக்கு ஸ்கூல்ல இடம் கிடைக்க வாய்ப்பிருக்கு.”

“அனுப்புனா நமக்கு வீடு திரும்பக் கிடைக்காது. அதையும் யோசிச்சியா?”

எதிரில் இருந்த ராஜேந்திரன் சார் சிரித்தார். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்.

“பேப்பர் காப்பி குடுத்தா வீடு எப்படி போவும்லா? நான் ஒரு ரூம வாடகைக்கு விட்டிருக்கேன். அக்ரிமெண்ட் போட்டு, ஸ்டாம்ப் டூட்டி கட்டி, அந்தப் பையன் கையில ஒரு காப்பி குடுத்தேன். வீடு ஓடிப் போச்சா?”

“சார், இங்க சட்டம் வேற. எங்க ஊர் நிலவரம் உங்களுக்குத் தெரியாது.”

“சிட்டிசன் ஆயி எத்தன வருஷம் ஆச்சு, இன்னும் எங்க ஊருங்கறீங்க. தேசிய தினத்துக்கு இந்த ஊரு. வீடு வாடகைக்கு விடுறப்ப மட்டும் அந்த ஊரு. ரெண்டுலயும் நல்லதாப் பாத்து எடுத்துக்கிறீங்க.”

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பிறகு குரலை மாற்றிக்கொண்டு அவருடைய வாதத்தைச் சொன்னார். சம்பாதித்தபோதே வரி கட்டிவிட்டோம். அந்தப் பணத்தில் கட்டிய வீட்டுக்கு வருடா வருடம் வரி என்பது ஒரே மாட்டில் இரண்டு தடவை பால் கறப்பது. வீடு என்பது நடுத்தர வர்க்கத்தின் ஒரே பாதுகாப்பு. சீர்திருத்தம் என்பது வருமானம் மறைக்கிறவனைப் பிடிப்பது, வீடு கட்டியவனைப் பிடிப்பது அல்ல. வரியைக் கூட்டினால் அது கடைசியில் குடியிருப்பவர் தலையில்தான் விழும். நகராட்சி வரியைக் கூட்டுகிறது, சாக்கடையை மட்டும் தூர்வாருவதில்லை.

கடைசி வாக்கியத்துக்கு மேசை முழுவதும் தலையாட்டியது. எனக்கும் அதில் மறுப்பில்லை. மற்றவற்றுக்குத்தான் மறுப்பு இருக்கிறது.

அன்று மேசையில் எல்லாவற்றையும் சொல்ல அவர் விடவில்லை. எனவே இங்கே எழுதுகிறேன்.

சொத்து வரி ஒன்றுதான் ஒளிக்க முடியாத பொருளின் மீது விழும் வரி. வருமானத்தை மறைக்கலாம், தங்கத்தைப் புதைக்கலாம். வீடு தெருவில் நிற்கிறது. அதனாலேயே வசதி உள்ளவர்களுக்கு இதன்மேல் தீராத வெறுப்பு. இறந்தவரின் சொத்தின் மீதிருந்த வரியை இந்தியா 1985 மார்ச்சில் கைவிட்டது. சிங்கப்பூர் 2008 பிப்ரவரியில் கைவிட்டது. இரண்டு நாட்களிலும் யாரும் தெருவுக்கு வந்து அழுததாகத் தெரியவில்லை. சேர்த்து வைத்தவனிடம் ஊர் கேட்கும் பங்கு என்று இப்போது மிஞ்சியிருப்பது பெரும்பாலும் இந்த வீட்டு வரிதான். அதையும் குறையுங்கள் என்று கேட்கிறவர் தன்னைச் சீர்திருத்தக்காரர் என்று சொல்லிக்கொள்ளும்போது, எதைத் திருத்த வந்தீர்கள் என்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஏற்கனவே வரி கட்டிய பணம் என்கிறார் அண்ணன். எங்கள் மனையை வாங்கியபோது அந்தத் தெருவில் விளக்கு இல்லை. பிறகு நகராட்சி தார் போட்டது, குடிநீர்க் குழாய் வந்தது, முனையில் பள்ளி வந்தது. மனையின் விலை பல மடங்கு ஏறியது. அந்த ஏற்றத்தில் ஒரு செங்கல்கூட நாங்கள் வைத்ததில்லை. நாங்கள் அப்போது இங்கே இருந்தோம். ஊர் கூடி ஏற்றிய விலையில் ஊர் ஒரு சிறு பங்கு கேட்பதைத் திருட்டு போலப் பேசுவது என்ன நியாயம்? சுவர் எழுப்பியவனுக்குக் குறைவாகவும், மனையைச் சும்மா போட்டு விலை ஏறக் காத்திருப்பவனுக்கு அதிகமாகவும் வரி போடு என்பதுதான் நூறு வருடத்துக்கும் மேலாகச் சீர்திருத்தம் பேசியவர்கள் கேட்டது. நம் ஊர்ப் பழக்கம் இதற்கு நேர் எதிர். 1920ஆம் ஆண்டு மதராஸ் நகராட்சிச் சட்டத்தில் காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு வரியில் தள்ளுபடி இருந்தது. பூட்டி வைத்தவனுக்குப் பரிசு. சிங்கப்பூரிலும் காலி வீட்டுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் வழக்கம் இருந்தது. 2014 ஜனவரி முதல் தேதியிலிருந்து அதை நிறுத்திவிட்டார்கள். அன்று பலர் முணுமுணுத்தார்கள். நான் மகிழ்ந்தேன்.

சிங்கப்பூரைப் புகழ இதை எழுதவில்லை. இங்கேயும் வரிக் கடிதம் வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வருகிறது. எட்டுப் பேரில் ஒருவனாக ஓர் அறையில் படுத்து அந்த வரியையும் சேர்த்து வாடகையாகக் கொடுக்கும் தொழிலாளியின் பெயர் அதில் எங்கும் இல்லை. ஆனால் ஒரு கேள்வியை இந்த ஊர் ஒழுங்காகக் கேட்கிறது: இந்த வீட்டில் நீ குடியிருக்கிறாயா? குடியிருந்தால் குறைந்த வரி. முழு வீட்டையும் வாடகைக்கு விட்டால் கூடுதல் வரி. குடியிருப்பதை நிறுத்தினால் நீயே வந்து சொல்ல வேண்டும்.

அந்தக் கேள்விதான் என்னையும் மாட்டி வைத்தது.

4

மூன்று நாள் கழித்து எங்கள் ஊர் நகராட்சியின் இணையதளத்தில் நுழைந்தேன். அண்ணன் கொடுக்காவிட்டால் என்ன, நானும் உரிமையாளர்தானே, நானே அரையாண்டு வரியைக் கட்டி ரசீதை இறக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம். என் மகள் யாழினி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயது. அவளுக்குத் தமிழ்ப் படிவம் வாசிக்க வராது, எனக்கு இணையதளம் வராது. இருவரும் சேர்ந்தால்தான் ஒரு ஆள்.

பழைய மின்னஞ்சலில் அண்ணன் அனுப்பிய சுயமதிப்பீட்டுப் படிவம் ஒன்று இருந்தது. வரியைத் திருத்தியமைத்த வருடம் நிரப்பிக் கொடுத்தது. ஆங்கிலப் பக்கத்தைப் படித்துவிட்டு அவள் கேட்டாள்.

“அப்பா, இதுல செல்ஃப் ஆக்குபைட்னு டிக் பண்ணியிருக்கு. யாரு அங்க இருக்கா?”

“யாரும் இல்ல. வாடகைக்கு விட்டிருக்கு.”

“தென் ஒய் யூ சைன்?”

கீழே இரண்டு கையெழுத்துகள் இருந்தன. ஒன்று என்னுடையது. நாட்குறிப்பை எடுத்துத் தேடினேன். அந்த நாளுக்கு நேரே எழுதியிருந்தேன்: “மாலை அண்ணன் வந்தார். நகராட்சிப் படிவத்தில் கையெழுத்திட்டேன். நல்ல மழை.” மழையைக் கவனித்திருக்கிறேன். படிவத்தில் என்ன இருந்தது என்று கவனிக்கவில்லை.

ஆக, நகராட்சிப் பதிவேட்டின்படி நானும் அண்ணனும் தஞ்சை மாவட்டத்தில் அந்த வீட்டில் குடியிருக்கிறோம். அதே நாளில் சிங்கப்பூர்ப் பதிவேட்டின்படி நான் தெம்பனிஸிலும் அவர் புக்கிட் பாத்தோக்கிலும் குடியிருந்து, அதற்கான குறைந்த வரியைக் கட்டுகிறோம். இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் குடியிருக்கும் சகோதரர்கள். அந்தப் பதிவேட்டில் இல்லாத ஒரே ஆள், ஆறு வருடமாக அங்கே சமைத்து, துவைத்து, பிள்ளை பெற்று வளர்க்கும் செல்வி.

இது எங்கள் குடும்பத்தில் மட்டும் நடந்த தவறு அல்ல. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டிய நம்மவர்களைக் கேட்டுப் பாருங்கள். வாடகை என்று எழுதினால் வரி கொஞ்சம் கூடும், எதற்கு வம்பு என்று “சொந்தக் குடியிருப்பு” கட்டத்தில் குறி போட்டிருப்பார்கள். அது வரி ஏய்ப்பு என்ற நினைப்புக்கூட இருக்காது. விசேஷத்துக்குப் போனால் தங்க ஓர் அறை பூட்டி வைத்திருக்கிறோமே, அப்புறம் எப்படி அது பொய் ஆகும் என்பார்கள். எங்கள் வீட்டிலும் ஓர் அறை பூட்டித்தான் இருக்கிறது. உள்ளே ஒரு கட்டில், இரண்டு பெட்டி.

யாழினி இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பெரியப்பாதானே ஈக்வாலிட்டி பத்திலாம் ஸ்பீச் குடுப்பாங்க,” என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. சரிபார்ப்பதற்காகக் கேட்டாள். எங்கள் தமிழ்க் கூட்டங்களுக்கு அவள் வருவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. அழைத்தால் டியூஷன் என்பாள். அன்று நானும் அழைக்கவில்லை.

5

ரசீதும் கடிதமும் மட்டும் அனுப்பினால் போதாது என்று புரிந்தது. பள்ளியிலிருந்து யாராவது நகராட்சியில் சரிபார்த்தால், அங்கே உரிமையாளர் குடியிருப்பதாக இருக்கும். செல்வி பொய் சொன்னவர் ஆகிவிடுவார். முதலில் எங்கள் பொய்யைத் திருத்த வேண்டும். திருத்த மனுவில் இருவர் கையெழுத்தும் இருந்தால் நல்லது.

மூன்றாம் ஞாயிறு மாலை மனுவை அச்செடுத்துக்கொண்டு புக்கிட் பாத்தோக் போனேன். அண்ணி கதவைத் திறந்தார். பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறார். அண்ணன் மனுவை நின்றபடியே படித்தார். படித்து முடித்து மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“நீயே போய் நம்மள மாட்டி விடுற.”

“நாம செஞ்ச தப்பத்தான் சொல்றேன். ஃபைன் போட்டா போடட்டும். வித்தியாசத்த நான் கட்டுறேன்.”

“காசு இல்லடா விஷயம். வாடகைன்னு பதிஞ்சுட்டா அவ காலி பண்ண மாட்டா. நாளைக்கு நான் ரிட்டயர் ஆயி அங்க போயி இருக்கணும்னா?”

அண்ணி சமையலறையிலிருந்தே கேட்டார். “யாரு, நீங்களா? போன தடவ போயிட்டு நாலாம் நாள் டிக்கெட்ட மாத்திக்கிட்டு வந்தீங்க. கொசுன்னு.”

“நீ சும்மா இரு.”

“சும்மாத்தான் இருக்கேன். தம்பி, இந்த வீட்ட ஏன் வாங்குனோம் தெரியுமா? இந்த ப்ளாக்குலருந்து ஸ்கூலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள்ள. பிரைமரி ஒன்னுக்கு இடம் கிடைக்கணும்னு உங்க அண்ணன் மூணு மாசம் மேப்ப வெச்சு ஸ்கேலால அளந்தாரு. எதிர் ப்ளாக்குல வீடு விலை கம்மி. அது ஒரு கிலோமீட்டர் தாண்டுதுன்னு வேணாம்னாரு.”

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம். சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டு. அந்த ஒரு கிலோமீட்டருக்காக வீடு மாறுகிறவர்கள் இங்கே ஏராளம்.

“அதுவும் இதுவும் ஒண்ணா?” என்றார் அண்ணன். “நான் லோன் போட்டு வாங்குனேன். என் வீடு, என் அட்ரஸ்.”

“அவ வாடகை குடுத்து வாங்குறா,” என்றார் அண்ணி. “அவ அட்ரஸ்தானே அது.”

அண்ணன் என்னைப் பார்த்து, “நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீ தனியாப் போட்டு அனுப்புனா, அதுக்கப்புறம் இந்த வீட்டு வாசப்படி மிதிக்காத,” என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். இவர்தான் எனக்கு விமானச் சீட்டு எடுத்து அனுப்பியவர். வந்த புதிதில் ஏழு மாதம் இவர் வீட்டுக் கூடத்தில்தான் படுத்திருந்தேன். அதற்கு வாடகை கேட்டவர் அல்ல. மனுவை எடுத்து மடித்துப் பையில் வைத்தேன். அண்ணி மின்தூக்கி வரை வந்து, “அனுப்பிடுங்க தம்பி,” என்றார்.

6

ஏப்ரல் நான்காம் வாரம், செவ்வாய். வேலைக்குப் போகுமுன் மூன்று காரியங்களைச் செய்தேன். அரையாண்டு வரியை இணையத்தில் கட்டினேன். குடியிருப்பவர் இன்னார், இத்தனை வருடமாக இருக்கிறார் என்று உரிமையாளர்களில் ஒருவனாகக் கடிதம் எழுதினேன். வீடு வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது, முந்தைய படிவம் தவறு, அதில் என் கையெழுத்தும் இருக்கிறது, வரியைத் திருத்திப் போடுங்கள் என்று மனுவை என் பெயரில் மட்டும் நகராட்சிக்கு எழுதினேன். ரசீது, கடிதம், மனு மூன்றையும் செல்விக்கும், மனுவின் நகலை அண்ணனுக்கும் அனுப்பினேன். அவர் படித்துவிட்டதாக இரண்டு நீலக் குறி விழுந்தது.

செல்வி மூன்றையும் அச்செடுத்துக்கொண்டு நகராட்சிக்குப் போனார். அங்கே நடந்ததை அன்று மதியம் தொலைபேசியில் சொன்னார்.

“கவுண்டர்ல இருந்தவரு கண்ணாடிய ஏத்திக்கிட்டு ரெண்டு தடவ படிச்சாரு சார். ‘ஏம்மா, வரி கம்மி பண்ணச் சொல்லித்தான் மனு வரும். கூட்டச் சொல்லி வந்துருக்கே, உங்க ஹவுஸ் ஓனருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா’ன்னாரு. நான் சொன்னேன், அவரு சிங்கப்பூர்ல இருக்காருன்னு. ‘அப்பச் சரி’ன்னுட்டு சீல் வெச்சுக் குடுத்துட்டாரு.”

“எதுக்கு ‘அப்பச் சரி’ங்கறாரு?”

“அது எனக்குத் தெரியாது சார்.”

மே மாதம் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகம் என்பதால் குலுக்கல். குலுக்கல் நாளன்று நான் அலுவலகத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். கைப்பேசி இரண்டு தடவை அதிர்ந்தது. வெளியே வந்து செல்வியை அழைத்தேன்.

“பாப்பா பேரு விழுந்துருச்சு சார்.” கணவர் வாங்கிப் பேசினார். “ரொம்ப நன்றி சார். நேத்துலருந்து இவ சாப்புடல.”

நன்றி என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. ஆறு வருடம் அவர்களைப் பதிவேட்டிலிருந்து மறைத்து வைத்தவர்களில் நானும் ஒருவன். மறைத்ததை நிறுத்தியதற்கு நன்றி வாங்குவது என்ன கணக்கு? சீர்திருத்தம் பேசுகிறவர்களுக்கு இந்த நோய் நிறைய உண்டு. அடுத்தவருக்கு உரியதைப் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு அதைக் கொடுக்கும்போது மேடை போட்டுக் கொடுப்பார்கள். குடியிருப்பவரின் பெயர் வரிப் பதிவேட்டில் இருக்க வேண்டும், ரசீதில் அச்சாக வேண்டும், கேட்காமலே அவருக்கு ஒரு நகல் போக வேண்டும் என்று சட்டம் போட்டால் யாரும் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. அதைத்தான் கேட்க வேண்டும். இத்தனை வருடம் எங்கள் வாசகர் வட்டத்தில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

7

ஜூன் மாதம் திருத்திய வரி வந்தது. நான் பயந்த அளவு இல்லை. அதே வாரம் அண்ணன் என்னை விட்டுவிட்டு நேராகச் செல்வியை அழைத்திருக்கிறார். வரி ஏறிவிட்டது, அதனால் அடுத்த மாதத்திலிருந்து வாடகையை ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். எவ்வளவு என்று கேட்டபோது சொன்ன தொகை, பழைய வாடகையில் மூன்றில் ஒரு பங்கு.

வரி கூடினால் அதைக் குடியிருப்பவர் தலையில்தான் கட்டுவோம், ஆகவே ஏழைகளுக்காக வரியைக் கூட்டாதீர்கள் என்று வீட்டுக்காரர்கள் எல்லா நாட்டிலும் சொல்கிறார்கள். அதைக் கேட்டுச் சீர்திருத்தக்காரர்களும் பின்வாங்குகிறார்கள். அண்ணன் தேக்காவில் சொன்ன வாதங்களில் இதுவும் ஒன்று. இப்போது அதைச் செய்தும் காட்டிவிட்டார். எனக்கு அன்று உண்மையாகவே பயம் வந்தது. பள்ளியில் இடம் கிடைத்து, வீடு போய்விட்டால் அந்த இடத்துக்கு என்ன பொருள்?

செல்வியை அழைத்தேன். அண்ணனிடம் பேசுகிறேன், கவலைப்படாதீர்கள் என்று தொடங்கினேன். அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்து பேசினார்.

“நீங்க பேச வேணாம் சார். நானே பேசிட்டேன்.”

“என்ன பேசுனீங்க?”

“புது ரசீது நகராட்சிலருந்து வீட்டுக்குத்தானே வந்துச்சு. பிரிச்சுப் பாத்தேன். அரை வருஷத்துக்கு எவ்வளவுன்னு போட்டுருந்துச்சு. ஆறால வகுத்தேன். சார், ஒரு மாசத்துக்கு வந்த தொகை எனக்கு ஒருநாள் மாவு யாவாரம்கூட இல்ல. இதுக்கா இத்தன வருஷம் வீட்டு வரி, வீட்டு வரின்னு சொல்லி வருஷா வருஷம் வாடகைய ஏத்துனீங்கன்னு பெரிய சாரக் கேட்டேன். ஏறுன வரி எவ்வளவோ அத அப்படியே குடுத்துடுறேன், அதுக்கு மேல ஒரு ரூவாயும் ஏத்த முடியாதுன்னேன். சந்தேகமா இருந்தா ரசீதப் பாருங்க சார்னேன்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“வெச்சுட்டாரு.”

ரசீதை ஏன் கொடுப்பதில்லை என்று இத்தனை வருடம் நான் நம்பிக்கொண்டிருந்த காரணம் தவறு என்று அப்போதுதான் விளங்கியது. குடியிருப்பவர் வீட்டை எழுதிக்கொள்வார் என்ற பயம் வெளியில் சொல்வதற்கு. வரி எவ்வளவு சிறியது என்று அவருக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் உள்ளே இருக்கும் பயம். அந்தத் தொகை தெரிந்தவரிடம் வரியைச் சாக்காக வைத்து வாடகை கேட்க முடியாது.

அண்ணன் மறுநாள் மாலை என்னை அழைத்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் அழைப்பு. நலம் விசாரிக்கவில்லை. செல்வி அந்த ரசீதைத் தெருவில் வாடகைக்கு இருக்கும் நான்கு வீட்டுப் பெண்களிடம் காட்டியிருக்கிறாராம். நால்வரும் அவரவர் வீட்டு உரிமையாளர்களிடம் ரசீது கேட்டிருக்கிறார்களாம். அதில் ஒருவர் எங்கள் சித்தப்பா. அவர் காலையிலேயே அண்ணனை அழைத்துத் திட்டியிருக்கிறார்.

“ஒரு வீட்டோட போகும்னு பாத்தேன்,” என்றார் அண்ணன். “தெருவையே கெடுத்து வெச்சிட்டியேடா.”

“அவங்க கேட்டா குடுக்கச் சொல்லுங்கண்ணே,” என்றேன்.

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. பிறகு அண்ணியின் குரல் கேட்டது, யாரென்று விசாரித்தபடி. அண்ணன் தொலைபேசியை வைக்கவில்லை.